பதினேழு வயதுக்கு எந்தக் கோர்ட்? சந்தேகங்களும் விளக்கங்களும்

கொடைக்கானல் மலையின் அட்டுவம்பட்டியில் நாலரை மணிக்கே குளிர் ஏறிவிடுகிறது. அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழக மாணவிகள் பஸ் ஏறிப் போனதும் டீக்கடை பெஞ்சு ஊர்க்காரர்களுக்குத் திரும்பக் கிடைக்கும். கேரட் மூட்டையை வண்டியில் ஏற்றிவிட்டு வந்த ஒருவர் என்னிடம் கைபேசியை நீட்டினார். ஏதோ ஒரு ஊர், ஒரு சந்து, அரிவாளோடு ஓடுகிற ஒரு பையன். "வயசு பதினேழாம் சார். மூணு வருஷத்துல வெளிய வந்துருவான். இதுக்குப் பேரு சட்டமா?" என்றார். பக்கத்திலிருந்த பெரியவர் ஆமாம் என்று தலையசைத்தார். டீ ஆற்றிக்கொண்டிருந்த அக்கா மட்டும் நிமிர்ந்து பார்த்து, "நம்ம வீட்டுப் பையன்னா இப்படிச் சொல்லுவீங்களா அண்ணே?" என்று கேட்டார்.

நீதிமன்றச் செய்திகளை எழுதுகிறவன் என்று தெரிந்ததும் கேள்விகள் என் பக்கம் திரும்பின. இருட்டும் வரை பேசினோம். கைபேசியை நீட்டியவரின் கோபமும் நியாயமானது, டீக்கடை அக்காவின் கோபமும் நியாயமானது. இரண்டுக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் அந்தச் சட்டம் எப்படி நடக்கிறது என்பது கொடைக்கானல் மலையில் மட்டுமல்ல, சமவெளியிலும் பலருக்குத் தெரிவதில்லை. அன்று கேட்ட சந்தேகங்களையும், அவற்றுக்கு என்னால் உறுதியாகச் சொல்ல முடிந்த விளக்கங்களையும் கீழே தருகிறேன்.

சந்தேகம்: பதினெட்டு நிறையாதவன் என்ன செய்தாலும் மூன்று வருஷம்தானே?

பதினாறு நிறையாதவனுக்கு அப்படித்தான். எவ்வளவு கொடிய குற்றமானாலும் இளைஞர் நீதிக் குழுமம்தான் விசாரிக்கும். சிறப்பு இல்லத்தில் வைக்கலாம் என்றால் அதிகபட்சம் மூன்று ஆண்டுகள். பதினாறு நிறைந்து பதினெட்டு நிறையாதவனுக்கு 2016 ஜனவரி 15 முதல் நிலைமை வேறு. அவனைப் பெரியவனாகக் கருதி விசாரிக்கலாமா என்று பார்க்க ஒரு வாசல் திறந்திருக்கிறது.

அந்த வாசல் எப்படி வந்தது என்பது பலருக்கும் நினைவிருக்கும். 2012 டிசம்பர் 16 டெல்லி பஸ் கொடுமையில் பிடிபட்ட ஆறு பேரில் ஒருவனுக்குப் பதினெட்டு ஆகச் சில மாதங்கள் பாக்கி இருந்தன. அன்றிருந்த 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி 2013 ஆகஸ்ட் 31 அன்று அவனுக்கு மூன்று ஆண்டுதான் கொடுக்க முடிந்தது. 2015 டிசம்பர் 20 அன்று வெளியே வந்தான். இரண்டே நாளில் மாநிலங்களவை புதிய இளைஞர் நீதிச் சட்டத்தை நிறைவேற்றியது. இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் கொடுமைக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி வர்மா குழு, வயது வரம்பைப் பதினாறாகக் குறைக்கச் சொல்லவில்லை. நாடாளுமன்றமும் வரம்பைக் குறைக்கவில்லை. பதினெட்டு வரை குழந்தைதான். கடைசி இரண்டு ஆண்டுகளுக்கு மட்டும் தனிச் சோதனை என்று வைத்தது.

வயதைக் கணக்கிடுவது குற்றம் நடந்த தேதியில். பிடிபட்ட நாளில் இருபது வயது ஆகியிருந்தாலும், சம்பவத்தன்று பதினேழு என்றால் அவன் சட்டத்தின் கண்ணில் சிறுவன்தான்.

சந்தேகம்: அப்படியானால் பதினாறு தாண்டியவன் எல்லோரும் பெரிய கோர்ட்டுக்கா?

இல்லை. குற்றம் எந்த வகை என்பதுதான் முதல் கேள்வி. சட்டம் குற்றங்களைச் சிறு குற்றம், கடுமையான குற்றம், கொடுங்குற்றம் என்று மூன்றாகப் பிரிக்கிறது. குறைந்தபட்சத் தண்டனையே ஏழு ஆண்டோ அதற்கு மேலோ இருந்தால்தான் கொடுங்குற்றம். அந்த வகைக்கு மட்டும்தான் வாசல் திறக்கும்.

'குறைந்தபட்சம்' என்ற அந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. கொலைக்குக் குறைந்தபட்சமே ஆயுள், ஆகவே கொடுங்குற்றம். கொலை முயற்சிக்கு ஆயுள் வரை கொடுக்கலாம், ஆனால் குறைந்தபட்சம் இவ்வளவு என்று இல்லை. ஆகவே அது கொடுங்குற்றம் இல்லை. கொள்ளையடிக்கும்போது கொலைக்கருவியைப் பயன்படுத்தினால் குறைந்தது ஏழு ஆண்டு, அது கொடுங்குற்றம். ஒருவனை வெட்டிக் குற்றுயிராகப் போட்டவன் சிறுவனாகவே விசாரிக்கப்படுவான். அரிவாளைக் காட்டிச் செயினைப் பறித்தவன் பெரியவனாக விசாரிக்கப்படக்கூடும். பாதிக்கப்பட்டவருக்கு இதை எப்படிச் சொல்லிப் புரியவைப்பது? எனக்குத் தெரியவில்லை. இந்தப் பிரிவினை குற்றத்தின் கொடுமையை அளக்கவில்லை, தண்டனைச் சட்டம் எழுதப்பட்ட விதத்தை அளக்கிறது. நாடாளுமன்றம் இதை மறுபடி பார்க்க வேண்டும் என்றுதான் நினைக்கிறேன்.

அதிகபட்சம் ஏழுக்கு மேல், குறைந்தபட்சம் எதுவுமில்லை என்கிற குற்றங்களை எதில் சேர்ப்பது என்ற குழப்பம் ஆரம்பத்தில் இருந்தது. 2016-ல் டெல்லியில் ஒரு சிறுவன் ஓட்டிய கார் மோதி ஒருவர் இறந்த வழக்கில் அது உச்ச நீதிமன்றம் வரை போனது. 2020 ஜனவரியில் கோர்ட், அவை கொடுங்குற்றம் அல்ல, கடுமையான குற்றம்தான் என்று தீர்த்தது. 2021-ல் சட்டத்திலேயே திருத்தம் வந்தது. 2024 மே மாதம் புனேயில் பதினேழு வயதுச் சிறுவன் ஓட்டிய சொகுசுக் கார் இரண்டு பேரைக் கொன்றதும், கட்டுரை எழுதச் சொல்லி ஜாமீன் கொடுத்ததால் நாடே கொதித்ததும் நினைவிருக்கும். அவனைப் பெரியவனாக விசாரிக்க வேண்டும் என்ற போலீசின் மனுவை இளைஞர் நீதிக் குழுமம் 2025 ஜூலையில் தள்ளுபடி செய்தது. கொதிப்பு எவ்வளவு இருந்தாலும் இந்த வகைப் பிரிவினையைத் தாண்டி யாரும் போக முடியாது.

நம் மலைக்கு நெருக்கமான ஓர் உதாரணம் கஞ்சா. இருபது கிலோவுக்கு மேல் என்றால் வணிக அளவு. குறைந்தது பத்து ஆண்டு. "இந்தப் பையை வத்தலக்குண்டுல இறக்கிக் கொடுத்துடுடா தம்பி" என்று ஒருவன் கொடுக்கும் மூட்டையைத் தூக்கிப் போகும் பதினேழு வயதுப் பையன், கொலைக் குற்றவாளி நிற்கும் அதே வாசலில் போய் நிற்பான். அதே மூட்டை பத்துக் கிலோவாக இருந்தால் நிற்க மாட்டான். இதைப் பெற்றவர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

சந்தேகம்: காதல் விவகாரத்தில் பிடித்த பையன்களையும் இப்படிச் செய்கிறார்களா?

செய்ய முடியும். போக்சோ சட்டத்தில் 2019 திருத்தத்துக்குப் பிறகு ஊடுருவும் பாலியல் குற்றத்துக்குக் குறைந்தது பத்து ஆண்டு. பெண் பதினாறுக்குக் கீழ் என்றால் குறைந்தது இருபது. பெண் சம்மதித்தாள் என்பது கணக்கில் வராது. ஆகவே பதினேழு வயதுப் பையனும் பதினாறு வயதுப் பெண்ணும் ஊரைவிட்டுப் போய்விட்டுப் பிடிபட்டால், பையன் மேல் விழுவது கொடுங்குற்றம். இப்படிப்பட்ட வழக்குகளைப் பற்றிச் சென்னை உயர் நீதிமன்றம் 2019-லும் 2021-லும் கவலை தெரிவித்துச் சட்டத்தை மாற்றி யோசிக்கச் சொல்லியிருக்கிறது. இன்னும் மாறவில்லை.

சந்தேகம்: அவன் மனசு முதிர்ந்ததா இல்லையா என்று யார், எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

இதுதான் விஷயத்தின் நெஞ்சு. முடிவெடுப்பது இளைஞர் நீதிக் குழுமம். ஒரு நீதித்துறை நடுவர், இரண்டு சமூகப் பணியாளர்கள். அந்த இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். கறுப்புக் கோட்டும் கூண்டும் மட்டும் முடிவு செய்யக் கூடாது என்பதற்காகவே அந்த இருவர்.

குழுமம் செய்வதற்கு 'முதற்கட்ட மதிப்பீடு' என்று பெயர். அவன் குற்றம் செய்தானா என்பது அங்கே கேள்வி இல்லை. அந்தக் குற்றத்தைச் செய்யும் உடல், மன ஆற்றல் அவனுக்கு இருந்ததா? செய்தால் என்ன ஆகும் என்று விளங்கிக்கொள்ளும் திறன் இருந்ததா? என்ன சூழ்நிலையில் அது நடந்ததாகச் சொல்லப்படுகிறது? இவற்றைத்தான் பார்க்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் முடிக்கச் சொல்கிறது சட்டம். கொஞ்சம் தாமதமானாலே எல்லாம் செல்லாது என்று ஆகிவிடாது என்று 2024-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

கேட்க எளிதாக இருக்கிறது. நடக்கும்போது எவ்வளவு சிக்கல் என்பதைக் குருகிராம் பள்ளி வழக்கு காட்டியது. 2017 செப்டம்பர் 8 அன்று பள்ளிக் கழிப்பறையில் ஏழு வயதுச் சிறுவன் கழுத்தறுத்துக் கொல்லப்பட்டான். போலீஸ் முதலில் பிடித்தது பஸ் கண்டக்டரை. சில வாரங்கள் கழித்து சி.பி.ஐ., அவர் இல்லை என்று சொல்லி, அதே பள்ளியின் பதினொன்றாம் வகுப்பு மாணவனைப் பிடித்தது. அந்த டிசம்பரிலேயே அவனைப் பெரியவனாக விசாரிக்கலாம் என்று குழுமம் உத்தரவிட்டது. உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்து, மறுபடி மதிப்பிடச் சொன்னது. 2022 ஜூலை 13 அன்று உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. மூன்று மாதத்தில் முடிய வேண்டிய மதிப்பீடு ஐந்து வருஷம் இழுத்தது.

அந்தத் தீர்ப்பில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்: அறிவுக்கூர்மைத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கினான் என்பதால் மனம் முதிர்ந்துவிட்டது என்று முடிவு கட்ட முடியாது. விளைவு தெரிந்ததா என்றால், கத்தியால் குத்தினால் ரத்தம் வரும் என்று தெரிந்ததா என்று மட்டும் பொருள் இல்லை. இறந்தவனின் வீட்டுக்கு, தன் வீட்டுக்கு, தன் வருங்காலத்துக்கு என்ன ஆகும் என்று தெரிந்ததா என்றும் பார்க்க வேண்டும். குழுமத்தில் உளவியலோ மனநல மருத்துவமோ படித்தவர் இல்லையென்றால் வல்லுநரின் உதவியைக் கட்டாயம் பெற வேண்டும். அவர் தரும் அறிக்கை சிறுவன் தரப்புக்கும் கிடைக்க வேண்டும். தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2023 ஏப்ரலில் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டதற்கும் அந்தத் தீர்ப்புதான் காரணம்.

ஒன்று சொல்ல வேண்டும். சம்பவத்துக்கு இரண்டு மாதம் கழித்து, விசாரணைக் காலத்தில் சிறுவர்களை வைக்கும் கூர்நோக்கு இல்லத்தில் பயந்துபோய் உட்கார்ந்திருக்கும் பையனிடம் ஒரு மணி நேரம் பேசிவிட்டு, அந்த ராத்திரியில் அவன் மனம் எப்படி இருந்தது என்று எந்த மருத்துவராலும் அச்சொட்டாகச் சொல்லிவிட முடியாது. அதனால்தான் அவன் வீடு, பள்ளி, சேர்க்கை பற்றிய தகவல்களுக்கு இவ்வளவு கனம் வந்துவிடுகிறது. கடைசியில் அதற்கு வருகிறேன்.

சந்தேகம்: பச்சைக் குழந்தையைக் கொன்றவனுக்கு மதிப்பீடு எதற்கு? நேராக செஷன்ஸுக்கு அனுப்பினால் என்ன?

பெரியவர்தான் இதைக் கேட்டார். கேட்கும்போது குரல் நடுங்கியது. அவருக்கு நான் சொன்னது நம் தமிழ்நாட்டிலேயே நடந்த வழக்கு.

2016-ல் சேலம் மாவட்டத்தில் ஒரு சிறுமி கொல்லப்பட்டாள். குற்றம் சாட்டப்பட்டவனுக்கு அப்போது பதினெட்டு நிறையவில்லை. அது மறைந்திருந்த விஷயமும் இல்லை. வழக்கு முதலில் குழுமத்துக்குப் போய், அங்கே மதிப்பீடு நடந்து, குழுமம் உத்தரவிட்டால் மட்டும் குழந்தைகள் நீதிமன்றத்துக்குப் போயிருக்க வேண்டும். குழந்தைகள் நீதிமன்றம் என்பது செஷன்ஸ் நிலையில் உள்ளது. அந்த நீதிமன்றமும் தன் பங்குக்கு, இவனைப் பெரியவனாக விசாரிப்பது அவசியமா என்று தனியாக ஒரு முறை பார்க்க வேண்டும். இரண்டு சோதனையும் நடக்கவில்லை. குற்றப்பத்திரிகை நேராக செஷன்ஸ் நீதிமன்றத்துக்குப் போனது. விசாரணை முடிந்து தண்டனை கொடுத்தார்கள். சென்னை உயர் நீதிமன்றத்திலும் அது நின்றது.

2024 மார்ச் 22 அன்று உச்ச நீதிமன்றம் எல்லாவற்றையும் ரத்து செய்தது. சட்டம் கட்டாயமாக்கிய படிகளைத் தாண்டிப் போனதால் விசாரணையே செல்லாது என்றது, சிறையிலிருந்தவரை விடுவித்தது. அவர் குற்றமற்றவர் என்று தீர்ப்பாகவில்லை. குற்றவாளி என்றும் சொல்ல முடியாமல் போய்விட்டது. எட்டு வருஷம் கழித்துப் பதினேழு வயது மனசை யார் போய் மதிப்பிடுவது?

அந்தச் சிறுமியின் வீட்டாரை நினைத்துப் பாருங்கள் என்றேன். அவர்களுக்கு விரைவாக நீதி கொடுப்பதாக நினைத்துக்கொண்டு யாரோ எடுத்த குறுக்குவழி, கையில் கொடுத்ததைக் கடைசியில் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. முதற்கட்ட மதிப்பீடு குற்றம் சாட்டப்பட்டவனுக்குக் காட்டும் சலுகை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பாதிக்கப்பட்டவர்களுக்குக் கிடைக்கும் தீர்ப்பு நிலைத்து நிற்க அதுதான் அடித்தளம். புகார் கொடுத்தவர் தரப்பில் வக்கீல் வைத்திருக்கிறவர்கள், "எங்க கேஸ்ல மதிப்பீடு முறையா நடந்துதா?" என்று முதல் நாளே கேட்க வேண்டும்.

பெரியவர் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை.

சந்தேகம்: பள்ளிக்கூடத்தில் போட்ட வயது ஒன்று, நிஜ வயது ஒன்று. எதை எடுப்பார்கள்?

டீக்கடை அக்காவின் கேள்வி. அவர் வீட்டுக்காரரைச் சேர்க்கப் போனபோது தலைக்கு மேல் கையைச் சுற்றிக் காதைத் தொடச் சொன்னார்களாம். கை எட்டியது, தலைமை ஆசிரியர் ஜூன் மாதத்தில் ஒரு தேதியைப் போட்டுக்கொண்டார். மகனுக்கு டி.சி., பிறப்புச் சான்றிதழ் இரண்டும் இருக்கிறது, ஆனால் இரண்டிலும் தேதி வேறு. கடைக்குப் பின்னாலிருந்து ஒரு ஜவுளிக்கடைப் பையை எடுத்துவந்து காட்டினார். டி.சி., ரேஷன் கார்டு நகல், ஆதார், பிறப்புச் சான்றிதழ், எல்லாம் ஒரே ரப்பர் பேண்டில்.

சட்டம் சொல்லும் வரிசை இது. முதலில் பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்றிதழ் அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ். அது இல்லையென்றால் மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி தரும் பிறப்புச் சான்றிதழ். இரண்டும் இல்லையென்றால்தான் எலும்பு வளர்ச்சிப் பரிசோதனை. அதுவும் இரண்டு வருஷம் முன்னே பின்னே இருக்கலாம். டி.சி. இந்தப் பட்டியலில் இல்லை. தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு போக்சோ வழக்கில், டி.சி.யையும் பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டின் நகலையும் வைத்துப் பெண்ணின் வயதை முடிவு செய்ய முடியாது என்று 2023 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லி, தண்டனையை ரத்து செய்தது. பையனின் வயதுக்கும் அதே பிரிவுதான்.

வயதை எப்போது வேண்டுமானாலும் எழுப்பலாம். தீர்ப்பு வந்து, மேல்முறையீடு முடிந்து, கருணை மனு முடிந்த பிறகும்கூட. 1994-ல் புனேயில் ஏழு பேர் கொல்லப்பட்ட வழக்கில் தூக்குத் தண்டனை பெற்ற ஒருவர் 28 வருஷத்துக்கு மேல் சிறையில் இருந்தார். ராஜஸ்தானில் அவர் படித்த பள்ளிப் பதிவு, சம்பவத்தன்று அவருக்கு வயது பன்னிரண்டரை என்று காட்டியது. 2023 மார்ச்சில் விடுதலை. அதே 1994-ல் டேராடூனில் நடந்த கொலை வழக்கில் இன்னொருவருக்கும் தூக்கு. சம்பவத்தன்று வயது பதினான்கு என்று 2025 ஜனவரி 8 அன்று உச்ச நீதிமன்றம் ஏற்று விடுவித்தபோது, அவர் இழந்தது ஏறத்தாழ கால் நூற்றாண்டு. அதிகபட்சம் மூன்று ஆண்டு கொடுத்திருக்க வேண்டிய இடத்தில் இது நடந்தது.

காகிதம் உயிரையே எடுத்த கதையும் நம் மொழி பேசும் ஒரு வீட்டில் நடந்திருக்கிறது. இலங்கை மூதூரைச் சேர்ந்த ரிஸானா நபீக் 2005-ல் வீட்டு வேலைக்காகச் சவூதி அரேபியா போனார். பிறப்புச் சான்றிதழ்படி வயது பதினேழு. வேலை கிடைக்க வேண்டும் என்பதற்காகப் பாஸ்போர்ட்டில் வயதைக் கூட்டியிருந்தார்கள். அவர் பொறுப்பில் இருந்த கைக்குழந்தை இறந்தது. அதைக் கொலை என்று சொல்லி மரண தண்டனை விதித்தார்கள்; 2013 ஜனவரி 9 அன்று அவர் தலை வெட்டப்பட்டது.

அக்காவிடம் சொன்னதை எல்லோருக்கும் சொல்கிறேன். பத்தாம் வகுப்புக்குப் பெயர்ப் பட்டியல் அனுப்பும் முன் பள்ளியில் பிறந்த தேதியைச் சரிபார்க்கச் சொல்வார்கள். அப்போது பிறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு போய்த் தவறைத் திருத்திவிடுங்கள். அதற்குப் பிறகு திருத்துவது பெரும் அலைச்சல்.

சந்தேகம்: பெரியவனாக விசாரித்தால் தூக்கு உண்டா?

கிடையாது. தூக்கும் கூடாது, வெளியே வரவே முடியாத ஆயுள் தண்டனையும் கூடாது. மற்றபடி பத்து ஆண்டோ, விடுதலைக்கு வழியுள்ள ஆயுளோ கொடுக்கலாம். ஆனால் தண்டனை பெற்றதும் மத்திய சிறைக்கு அனுப்பிவிட மாட்டார்கள். இருபத்தொரு வயது வரை 'பாதுகாப்பு இடம்' என்ற தனி இல்லத்தில் வைத்து, படிப்பு, தொழில், மனநல ஆலோசனை எல்லாம் கொடுக்க வேண்டும். ஆண்டுதோறும் அறிக்கை போக வேண்டும். இருபத்தொன்று முடிந்ததும் அதே நீதிமன்றம் மறுபடி பார்க்கும்: திருந்தியிருக்கிறானா? சமூகத்துக்குப் பயன்படுவானா? ஆம் என்றால் கண்காணிப்போடு வெளியே விடலாம். இல்லையென்றால் மீதிக் காலத்துக்குச் சிறை.

அமெரிக்காவில்கூடச் சிறாருக்கான மரண தண்டனையை 2005-ல்தான் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் ஒழித்தது. இங்கிலாந்தில் 1993-ல் இரண்டு வயதுக் குழந்தையைக் கொன்ற பத்து வயதுச் சிறுவர்கள் இருவரைப் பெரியவர்களுக்கான கோர்ட்டில் நிறுத்தினார்கள்; அது நியாயமான விசாரணை ஆகாது என்று 1999-ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் சொன்னது. நம் பக்கத்தில் சிறாருக்கென்று தனிச் சட்டம் புதிதல்ல; இந்தியாவிலேயே முதல் குழந்தைகள் சட்டம் 1920-ல் சென்னை மாகாணத்தில் வந்தது.

குழுமம் முடித்துவைத்த வழக்கு வேலைக்கோ படிப்புக்கோ தடையாக இருக்கக் கூடாது. ஆவணங்களையும் உரிய காலத்துக்குப் பின் அழித்துவிடுவார்கள். பெரியவனாக விசாரித்துக் குற்றவாளி என்று தீர்ப்பானவனுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அந்த வாசலைத் தாண்டுவதில் உள்ள பெரிய இழப்பு பல சமயம் இதுதான்.

சந்தேகம்: அந்த இல்லமெல்லாம் சொகுசுதானே?

2022 டிசம்பர் 31 அன்று செங்கல்பட்டு அரசு இல்லத்தில் பதினேழு வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். அவன் மேல் இருந்தது பேட்டரி திருடியதாகச் சொல்லப்பட்ட வழக்கு. அடித்துக் கொன்றதாக இல்லத்து ஊழியர்கள் கைதானார்கள். அதற்குப் பிறகுதான் இல்லங்களைச் சீர்படுத்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அரசு ஒருநபர் குழு அமைத்தது. இதற்கு மேல் இந்தச் சந்தேகத்துக்கு விளக்கம் தேவையில்லை.

சந்தேகம்: பறிகொடுத்த குடும்பம் என்ன செய்யலாம்?

மதிப்பீட்டின் முடிவு பிடிக்கவில்லை என்றால் முப்பது நாளைக்குள் மேல்முறையீடு செய்யலாம். சிறுவன் தரப்பும் செய்யலாம். மேல்முறையீட்டு நீதிமன்றம் உளவியலாளர், மருத்துவர் உதவியோடு மறுபடி பார்க்க முடியும். குருகிராம் வழக்கை உச்ச நீதிமன்றம் வரை கொண்டு போனவர் இறந்த சிறுவனின் அப்பாதான். வக்கீல் வைக்க வசதியில்லை என்று யாரும் ஒதுங்க வேண்டாம். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமானக் கணக்கு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. 15100 என்ற சட்ட உதவி எண்ணில் கூப்பிட்டால் வழி சொல்வார்கள். இழப்பீட்டுக்கும் சட்ட உதவி மையத்திலேயே மனு எழுதித் தருவார்கள். வழக்கு முடியும் வரை காத்திருக்கத் தேவையில்லை, இடைக்கால இழப்பீடும் கேட்கலாம்.

சந்தேகம்: அந்த வீடியோவை நாலு பேருக்கு அனுப்பினால் தப்பா?

தப்பு. சிறுவனின் முகம், பெயர், பள்ளி, தெரு, எது வெளியானாலும் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். பாதிக்கப்பட்ட குழந்தையின் அடையாளத்துக்கும் இதே விதி. கைபேசியை நீட்டியவரிடம் இதைச் சொன்னேன். அவருக்கு இது தெரிந்திருக்கவில்லை.

சந்தேகம்: ஊருக்கு விசாரிக்க வருகிறார்களே, அவர்களிடம் என்ன சொல்வது?

பையன் பிடிபட்ட இரண்டு வாரத்துக்குள் நன்னடத்தை அலுவலர் சமூக விசாரணை அறிக்கை கொடுக்க வேண்டும். அதற்காகத்தான் அவர் வீட்டுக்கும் பள்ளிக்கும் அக்கம்பக்கத்துக்கும் வருகிறார். அவர் போலீஸ் இல்லை. முதற்கட்ட மதிப்பீட்டில் குழுமம் கையில் வைத்துப் பார்க்கும் முக்கியமான காகிதம் அவர் எழுதுவதுதான். அதற்கென்று ஒரு படிவம் இருக்கிறது. வீட்டில் யார் யார், அப்பா அம்மா உறவு எப்படி, அடி வாங்கினானா, எப்போது படிப்பு நின்றது, ஏன் நின்றது, யாரோடு சுற்றினான், குடி, போதை உண்டா என்று கேள்விகள் போகும். அதிலேயே விளையாடுவானா, புத்தகம் படிப்பானா, படம் வரைவானா, பாடுவானா என்றும் கட்டங்கள் இருக்கும்.

இங்கேதான் ஊர் தவறு செய்கிறது. ஒரு பக்கம், கெட்ட பெயர் வந்துவிடும் என்று, "ரொம்ப நல்ல பையன் சார், எந்தத் தொந்தரவும் இல்லை" என்று ஒரே வரியில் அனுப்பிவிடுகிறோம். இன்னொரு பக்கம், ஆத்திரத்தில், "சின்ன வயசுலேருந்தே அவன் அப்படித்தான்" என்கிறோம். இரண்டும் அந்தக் காகிதத்தில் ஏறி, ஒருவனின் பத்து வருஷத்தை முடிவு செய்யப் போகிறது. எட்டாம் வகுப்பில் அப்பா விட்டுவிட்டுப் போனார், அன்றிலிருந்து கிழங்குக் காட்டில் கூலிக்குப் போனான் என்றால் அதைச் சொல்லுங்கள். போன தீபாவளிக்கு ஒருவரை அடித்து மண்டையை உடைத்தான் என்றால் அதையும் சொல்லுங்கள். யார் அவனை வேலைக்கு வைத்துக்கொண்டு பொட்டலம் சுமக்கவிட்டார் என்று தெரிந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். குழந்தையைப் போதைப்பொருள் சுமக்கவைப்பது தனிக் குற்றம்.

திண்டுக்கல்லிலிருந்து மலையேறி வரும் அலுவலருக்கு இங்கே கிடைப்பது பெரும்பாலும் ஒரே பகல். கடைசி பஸ்ஸுக்கு முன் இறங்க வேண்டும் அவர். அன்றைக்கு வகுப்பாசிரியர் லீவு என்றால், அவருடைய போன் நம்பரை ஒரு சீட்டில் எழுதி அலுவலர் கையில் கொடுத்தனுப்புங்கள்.